பொருள் ஓரிடம், உரியவர் வேறிடம்: இணைய வணிகக் கிடங்குகளின் முன்வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

இணையத்தில் பொருள் விற்கும் ஒருவர் இன்று தம் சரக்கைத் தம் வீட்டிலோ கடையிலோ வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சரக்கை மொத்தமாகப் பெட்டிகளில் கட்டி, பார்கோடு ஒட்டி, ஒரு நிறுவனத்தின் கிடங்குக்கு அனுப்பிவிடலாம். ஆர்டர் வந்ததும் அந்நிறுவனத்தின் பணியாளரே தட்டிலிருந்து பொருளை எடுத்து, பொதிந்து, முகவரிச் சீட்டு ஒட்டி, வாங்குபவரின் வாசல்வரை கொண்டு சேர்ப்பர். திரும்பி வரும் பொருளையும் அவர்களே பெற்றுக்கொள்வர். பொருள் கிடங்கில் அடைத்துக்கொள்ளும் இடத்துக்கு மாத வாடகை, எடுத்துப் பொதிவதற்கு ஒரு கட்டணம், எடைக்கும் தொலைவுக்கும் ஏற்ப அனுப்புகூலி எனக் கணக்கிட்டு, விற்பனைத் தொகையிலிருந்து கழித்துக்கொள்வர். அமேசான் நிறுவனம் இச்சேவையை 2006-இல் அமெரிக்காவில் பிற வணிகர்களுக்கெனத் தொடங்கியது. 2013 ஜூனில் அதன் இந்தியத் தளம் திறக்கப்பட்டது. இன்று இச்சேவையை மட்டுமே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களும் இந்தியாவில் பல உள்ளன.

மேலாண்மைப் பாடநூல்கள் இதை இணையம் ஈன்ற புதுமையாகவே அறிமுகப்படுத்துகின்றன. சரக்கைப் பிறர் கிடங்கில் வைத்து, பிறர் வண்டியில் ஏற்றி, தாம் காணாத ஒருவருக்கு விற்பது மிகப் பழைய வழக்கம். காலந்தோறும் மாறிவந்தது வேறொன்று: தம் பொருளைக் கைவிட்டு அனுப்பிய வணிகரின் கையில் அதற்கு ஈடாக எஞ்சுவது என்ன என்பது. முத்திரையா, பெயரா, ரசீதா, வாங்குபவரின் முகவரியா? இக்கேள்வியை முன்வைத்து, சொற்களின் வழியாகவும் சட்டங்களின் வழியாகவும், மார்டள்ளி என்னும் ஓர் எல்லையூரின் வழியாகவும் சில செய்திகளைத் தொகுத்துத் தருகிறேன்.

1. சொற்கள் சென்ற வழி

'குடோன்' என்பதை நாம் ஆங்கிலச் சொல்லாகக் கருதிப் பேசுகிறோம். 1886-இல் யூலும் பர்னலும் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, அச்சொல்லை மலாய் மொழியின் 'குடங்' என்பதோடும், அதைத் தமிழின் 'கிடங்கு', தெலுங்கின் 'கிடங்கி' ஆகியவற்றோடும் தொடர்புபடுத்துகிறது. சோழமண்டலக் கரையிலிருந்து தென்கிழக்காசியத் துறைமுகங்களுக்குச் சென்ற சொல், ஐரோப்பிய வணிகரின் நாவில் ஏறி, 'குடோன்' என்னும் உருவில் நம்மிடமே மீண்டது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

'பண்டசாலை'யின் பயணமும் இத்தகையதே. கல்கத்தாவிலும் கொழும்பின் புறக்கோட்டையிலும் இன்றும் வழங்கும் 'பாங்க்‌ஷால்' தெருப்பெயர்கள் கிடங்கையும் துறைமுக அலுவலகத்தையும் குறித்த ஒரு பழஞ்சொல்லிலிருந்து வந்தவை. அதன் மூலம் வடமொழி 'பாண்டசாலா' என்பது அவ்வகராதியின் துணிபு. அம்மூலத்திலிருந்தே தமிழ்ப் 'பண்டசாலை'யும் 'பண்டகசாலை'யும் பிறந்தன. கூட்டுறவுப் பண்டகசாலை என்னும் பெயர்ப்பலகையில் அச்சொல் இன்னும் உயிரோடிருக்கிறது.

மூன்றாவது சொல் 'உக்கிராணம்'. தமிழில் அது திருமண வீட்டின் பொருளறைக்குள் சுருங்கிவிட்டது. கன்னடத்திலோ அரசுச் சொல்லாக உயர்ந்தது: கர்நாடக மாநிலக் கிடங்குக் கழகத்தின் கன்னடப் பெயர் 'கர்நாடக ராஜ்ய உக்ராண நிகம'. எல்லைக்கு இப்பால் அதே பணியைச் செய்யும் அமைப்பு 'தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனம்'. இரு மொழியும் அறிந்த மார்டள்ளிக்காரருக்கு உக்கிராணமும் கிடங்கும் பழகிய சொற்கள்தாம்.

கடல் கடந்து சென்ற சொற்களில் கிடங்கைக் குறிப்பவை இத்தனை இருப்பது தற்செயலன்று. அயலூருக்குச் செல்லும் வணிகருக்கு முதலில் தேவைப்படுவது பொருளை நம்பி வைக்க ஓரிடம். அதன் பெயரையே அவர் முதலில் கற்றுக்கொள்கிறார், அல்லது கற்பிக்கிறார்.

2. புலிமுத்திரையும் கண்ணெழுத்தும்

காவிரிப்பூம்பட்டினத் துறையில் ஏற்றுமதிப் பொருளும் இறக்குமதிப் பொருளும் குவிந்து கிடந்ததையும், சுங்கம் கொள்வோர் அவற்றின்மீது சோழரின் புலிமுத்திரை பொறித்ததையும் பட்டினப்பாலை விரித்துரைக்கிறது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை காட்டும் காட்சி நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. ஊருக்குப் புதியவர்களான வணிகரின் பொதிகள் வெள்ளிடை மன்றத்தில் காவலின்றிக் கிடக்கின்றன. ஒவ்வொரு பொதியிலும் உரியவரின் பெயரும் எண்ணும் எழுதப்பட்டுள்ளன. அவ்வெழுத்துக்குக் காப்பியம் தரும் பெயர் 'கண்ணெழுத்து'.

இரண்டு அடையாளங்களின் பணி வேறு. புலிமுத்திரை அரசின் உரிமையைச் சொல்கிறது: இப்பொருளுக்குச் சுங்கம் கொள்ளப்பட்டது. கண்ணெழுத்து வணிகரின் உரிமையைச் சொல்கிறது: இப்பொருள் இன்னாருடையது. பொருளுக்குரியவர் அருகில் இல்லாதபோது அவருக்காகப் பேசுவது அவ்வெழுத்தே. பெயர் பொறித்த பொதியைத் திருடுவோர் அப்பொதியைச் சுமந்தே அலைய நேரும் என்று காப்பியம் சொல்வது இலக்கிய மிகை என்றாலும், அதன் பின்னுள்ள வணிக அறம் உண்மையானது.

அரசின் கை எட்டாத இடங்களில் அப்பாதுகாப்பை வணிகக் குழுக்கள் ஏற்றன. ஐந்நூற்றுவர் என்னும் குழு, கருநாடகத்து ஐகொளெயைத் தாயகமாகச் சொல்லிக்கொண்டு, தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கல்வெட்டுகளை விட்டுச்சென்றது. சுமத்திராவின் பாரூஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த சக ஆண்டு 1010-இன் (கி.பி. 1088) தமிழ்க் கல்வெட்டு அவர்களுடையது. தம் வீரர்களின் காவலில் அவர்கள் அமைத்த வணிக ஊர்களை 'எறிவீரபட்டினம்' என்று கல்வெட்டுகள் அழைக்கின்றன. குழுவின் உறுப்பினராக இருப்பதே இங்கு ரசீது. தனியொரு வணிகர் தம் சரக்கை நம்பி ஒப்படைத்தது கிடங்கிடம் அன்று. தாமும் ஓர் அங்கமாக இருந்த குழுவிடம்.

3. பாலாற்று வழி

மார்டள்ளி இன்று சாமராஜநகர் மாவட்டத்தின் ஹனூர் வட்டத்தில் உள்ளது. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை இப்பகுதி மைசூரு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தமிழ் பேசும் கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் ஊர். சுற்றிலும் மாதேசுவர மலைக் காடுகள். அவற்றினூடே ஒரு சாலை பாலாற்றைக் கடந்து கொளத்தூர் வழியாக மேட்டூருக்கு இறங்குகிறது. இன்னொன்று கர்கேகண்டி வழியாகப் பர்கூருக்கும் அந்தியூருக்கும் செல்கிறது.

இவ்வழிகள் பழையவை. 1800-இல் கும்பினியின் ஆணைப்படி இந்நிலப்பகுதியை ஆராய்ந்து சென்ற பிரான்சிஸ் புக்கானன், கொள்ளேகாலிலிருந்து காவேரிபுரம் கணவாய் வழியாகவே சமவெளிக்கு இறங்கினார். 1807-இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அவருடைய நூலில் அப்பயணம் பதிவாகியுள்ளது. மலைக்கு மேலுள்ள நாட்டையும் கீழுள்ள நாட்டையும் வணிகத்தால் இணைத்த கணவாய்களில் அது ஒன்று. பொதிமாடுகள் ஏறி இறங்கிய அத்தகைய வழிகளின் இரு முனைகளிலும் பேட்டைகள் இருந்தன. சரக்கை இறக்கி வைக்கவும், சுங்கம் செலுத்தவும், விலை படியும்வரை காத்திருக்கவும் பேட்டையே இடம்.

இவ்வழக்கத்தின் இன்றைய வடிவத்தை ஈரோட்டு மஞ்சள் சந்தையில் காணலாம். சாமராஜநகர், கொள்ளேகால் பகுதிகளில் விளையும் மஞ்சள் எல்லை கடந்து ஈரோட்டுக்கு வருகிறது; சந்தையில் அதற்கு 'மைசூர் மஞ்சள்' என்றே பெயர். உழவர் மூட்டைகளைக் கமிஷன் மண்டியின் கிடங்கில் இறக்குகிறார். மாதிரி மட்டும் ஏலத்துக்குச் செல்கிறது. விலை பிடிக்கவில்லையென்றால் சரக்கைக் கிடங்கிலேயே விட்டுவிட்டு ஊர் திரும்பலாம். அவசரச் செலவுக்கு அதன்மீது முன்பணமும் பெறலாம். கிடங்கு, விற்பனை, கடன் மூன்றும் ஒருவர் கையில் இருப்பதால் உழவர் மண்டிக்குக் கட்டுப்பட்டவராகிறார் என்பது பழைய குறை. எனினும் 'இந்த விலைக்குத் தர மாட்டேன்' என்று சொல்லும் உரிமை அவரிடம் எஞ்சியிருக்கிறது.

4. சட்டம் தந்த ரசீது, அஞ்சல் தந்த பணம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இவ்வுறவுகளை எழுத்துச் சட்டமாக்கியது. 1872-இன் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 148 தொடங்கி, ஒருவர் பொருளை இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைப்பதைப் பற்றிப் பேசுகிறது. பிறர் பொருளைப் பெற்றவர், அறிவுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைப் பேணும் அளவுக்கு அதைப் பேண வேண்டும் என்பது பிரிவு 151. அவ்வாறு பேணியும் பொருள் அழிந்தால், தனி ஒப்பந்தம் இல்லாதவரை, அவர் பொறுப்பல்லர் என்பது பிரிவு 152. அடைக்கலப் பொருள் குறித்து அர்த்தசாஸ்திரம் வகுத்த நெறியும் ஏறத்தாழ இதுவே. பகைவர் படையெடுப்பு, தீ, வெள்ளம் போன்றவற்றால் அழிந்த பொருளுக்குப் பெற்றவர் ஈடு தர வேண்டியதில்லை என்று அது விலக்களிக்கிறது.

1872-இன் சட்டத்தில் இன்றைய கிடங்குகளை நினைவூட்டும் பகுதி பிரிவுகள் 155 முதல் 157 வரை. ஒப்படைத்தவரின் பொருள், பெற்றவரின் பொருளோடு கலந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை அவை வகுக்கின்றன. ஒப்படைத்தவர் இசைவோடு கலந்தால், கலவையில் இருவருக்கும் அவரவர் பங்கின்படி உரிமை. இசைவின்றிக் கலந்து, பிரிக்கவும் முடியாமற்போனால், இழப்பீடு தர வேண்டும். பெருந்தளங்களின் கிடங்குகள், ஒரே பார்கோடு கொண்ட பொருள்களை யார் அனுப்பினாலும் ஒன்றாகக் கருதி, அருகிலிருப்பதை எடுத்து அனுப்பும் முறையை நெடுங்காலம் கையாண்டுள்ளன. அம்முறையில் நேர்மையான வணிகரின் பெயரில் இன்னொருவரின் போலிச் சரக்கு வாங்குபவரைச் சென்றடையக்கூடும். பொதியிலிருந்து கண்ணெழுத்தை அழித்துவிட்டால் நேர்வது இது.

அடுத்த பெருமாற்றம் அஞ்சல் துறையிலிருந்து வந்தது. 1877-இல் இந்திய அஞ்சல் துறை வி.பி.பி. முறையைத் தொடங்கியது. விற்பவர் பொருளையும் விலையையும் அஞ்சலகத்தில் ஒப்படைப்பார். தபால்காரர் விலையைப் பெற்றுக்கொண்டு பொருளைக் கொடுப்பார். பணம் மணியார்டராக விற்பவருக்கு வந்து சேரும். பிரித்தானிய அஞ்சல் துறை உள்நாட்டில் இம்முறையைத் தொடங்கியது 1926-இல்தான். தமிழ்ப் பதிப்பாளரும் சித்த மருந்து விற்போரும் விதை வணிகரும் இம்முறையைக் கொண்டே ஊர்தோறும் வாடிக்கையாளரைப் பெற்றனர். வாங்குபவர் பெற மறுத்தால் பொதி திரும்பிவரும். அனுப்பிய செலவு விற்பவர் தலையில் விழும். 2010-இல் ஃபிளிப்கார்ட் 'பொருளைப் பெற்றபின் பணம்' என்னும் வசதியை அறிமுகப்படுத்தியபோது, 133 ஆண்டு பழைய முறையும் அதன் பழைய தலைவலியும் சேர்ந்தே திரும்பின.

ஒரு வேறுபாடு உண்டு. வி.பி.பி. அனுப்பிய பதிப்பாளரின் பேரேட்டில் வாங்கியவரின் பெயரும் ஊரும் இருந்தன. அடுத்த நூல் வெளிவந்ததும் அவருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதலாம். இன்று தளத்தின் கிடங்கிலிருந்து பொருள் சென்றால், வாங்குபவரை அறிந்தது தளமே. விற்பவருக்குக் கிடைப்பது விற்பனை எண்ணும் தொகையுமே.

5. 1956: எல்லை நகர்ந்த ஆண்டு

1799-இல் திப்புவின் வீழ்ச்சிக்குப்பின் கும்பினியின் ஆட்சிக்குள் வந்த கொள்ளேகால், கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1956 நவம்பர் 1 அன்று, மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின்படி, அது சென்னை மாநிலத்திலிருந்து மைசூர் மாநிலத்துக்குச் சென்றது. அதற்கு முந்தைய நாள்வரை மார்டள்ளியும் பவானியும் ஈரோடும் ஒரே மாவட்டத்து ஊர்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் மத்திய விற்பனை வரிச் சட்டம் நிறைவேறியது. மாநிலம் கடந்து நடக்கும் விற்பனை தனி வரிவகையாயிற்று. பொருள் எல்லை கடந்தாலும் விற்பனை நடக்கவில்லை, முகவரின் கிடங்குக்கே செல்கிறது என்றால் வரி இல்லை. அதை மெய்ப்பிக்க 'எஃப்' படிவம் என்னும் தாள் 2002 முதல் கட்டாயமாயிற்று. கண்ணெழுத்தின் வழித்தோன்றலாக அப்படிவத்தைக் காண்கிறேன்: இப்பொருள் இடம் மாறியது, உரிமை மாறவில்லை என்று அது சான்று பகர்ந்தது.

இணைய வணிகம் வந்தபோது பழைய கேள்வி புதிய ஆடையில் எழுந்தது. வெளிநாட்டு முதலீடு பெற்ற தளங்கள் சரக்குக்கு உரிமை கொள்ளக் கூடாது. பிற வணிகரின் சரக்குக்குக் கிடங்கும் போக்குவரத்தும் வழங்கலாம் என்பது மைய அரசின் கொள்கை. 2018 டிசம்பரில் வந்த அறிவிப்பு அதை மேலும் இறுக்கி, அச்சேவைகளைப் பாகுபாடின்றி வழங்க வேண்டும் என்றது. எனவே இந்தியாவில் பொருள் தளத்தின் கிடங்கில் இருக்கும்; உரிமை மட்டும் வணிகரிடம் இருந்தாக வேண்டும். 2014-இல் கர்நாடக வணிகவரித் துறை இதைத் தொட்டது. அமேசானின் கிடங்கில் சரக்கு வைத்து விற்றபோது, அந்நிறுவனம் வெறும் கிடங்குக்காரரா, கமிஷன் முகவரா, வரி செலுத்த வேண்டியவர் யார் என்பதே சிக்கல். அக்கிடங்கைத் தம் வணிக இடமாகக் காட்டிய சிறு வணிகர் பலரின் பதிவு நீக்கப்பட்டது. ஈரோட்டு மண்டிக்காரர் எவரும் குழம்பியிராத கேள்வி அது.

2017 ஜூலை 1 அன்று சரக்கு-சேவை வரி வந்தது. எல்லையோர வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. பெரும்பாலான பொருள்களுக்கு 'எஃப்' படிவமும் மறைந்தது. ஆனால் புதிய சட்டம், ஒரே வணிகர் இரு மாநிலங்களில் பெற்ற பதிவுகளை இரு வேறு ஆள்களாகக் கருதுகிறது. தம் சரக்கைத் தாமே அயல்மாநிலக் கிடங்குக்கு அனுப்புவதும் விலையின்றியே வரிக்குரிய வழங்கலாகிவிடுகிறது. கர்நாடக வணிகர் ஓசூரிலோ கோவையிலோ உள்ள கிடங்கில் சரக்கு வைக்க விரும்பினால் தமிழ்நாட்டில் தனிப் பதிவு பெற வேண்டும்.

6. மார்டள்ளியிலிருந்து பார்த்தால்

இதன் பொருளை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். மார்டள்ளியில் ஒரு மகளிர் குழு ராகி மாவு அரைத்து இணையத்தில் விற்கத் தொடங்குகிறது என்று கொள்வோம். ஆண்டு வருவாய் 40 லட்சம் ரூபாய் என்னும் வரம்புக்குள் இருக்கும் சிறு வணிகர், வரிப்பதிவு இன்றியே தளங்கள்வழி விற்க 2023 அக்டோபர் 1 முதல் சலுகை உண்டு. நிபந்தனை ஒன்று: விற்பனை தம் மாநிலத்துக்குள் மட்டும். எனவே அக்குழு, கர்நாடகத்தின் வடகோடியில் உள்ள பீதருக்குப் பதிவின்றி மாவு அனுப்பலாம். பாலாற்றுக்கு அப்பால், அவர்கள் பேசும் தமிழையே பேசும் கொளத்தூருக்கோ மேட்டூருக்கோ அனுப்ப முடியாது. அனுப்புவதானால் பதிவு, மாதாந்தர அல்லது காலாண்டுக் கணக்கு, அதற்கொரு கணக்கர். பெயர்ப்பலகை தமிழில் எழுதலாம். அதைப் படிக்கக்கூடிய சந்தை எல்லைக்கு அப்பால் இருக்கிறது.

1956-இன் கோட்டைக் காட்டிலும் இது நுட்பமானது. அக்கோடு சாலையில் இருந்தது. சாவடியில் நின்று பேசலாம். இது விண்ணப்பப் படிவத்தில் இருக்கிறது. உறவினர், மண்டி, திருவிழா என இன்றும் தெற்கு நோக்கியே ஓடும் எல்லையூர்களின் வாழ்வை அது வடக்கு நோக்கித் திருப்புகிறது.

இரண்டாவது இழப்பு ரசீது. 1956-57 காலத்தில் மத்திய, மாநிலக் கிடங்குக் கழகங்கள் அமைக்கப்பட்டதன் நோக்கங்களில் ஒன்று, உழவர் கையில் வங்கி மதிக்கும் ஒரு ரசீதைக் கொடுப்பது. 2007-இன் கிடங்கு மேம்பாட்டு ஒழுங்காற்றுச் சட்டம் அந்த ரசீதைக் கைமாற்றத்தக்கதாக ஆக்கியது. பதிவுபெற்ற கிடங்கில் மஞ்சளோ நெல்லோ வைத்தவர் அத்தாளைக் காட்டிக் கடன் பெறலாம். தாளையே விற்கவும் செய்யலாம். இணைய வணிகரின் சரக்குக்கு அத்தகைய ரசீது இல்லை. திரையில் ஓர் எண் தெரியும். கணக்கு முடக்கப்பட்டால் அவ்வெண்ணும் தெரியாது.

இச்சேவைகள் பயனற்றவை என்பது என் வாதமன்று. பெருநகரங்களிலிருந்து தொலைவில் உள்ள ஊரிலிருந்து ஒருவர் நாடு முழுவதும் விற்கக்கூடும் என்பது எறிவீரபட்டினத்து வணிகரும் வியக்கத்தக்க வசதி. ஆனால் பண்டசாலையின் நெடிய வரலாற்றில் வணிகர் எப்போதும் மூன்றில் ஒன்றையேனும் கையில் வைத்திருந்தார்: பொதியில் தம் பெயர், கையில் ரசீது, பேரேட்டில் வாங்குபவரின் முகவரி. மூன்றையும் ஒருசேர விட்டுக்கொடுக்கும் நிலை இப்போதுதான் வருகிறது. சட்டம் வகுப்போரிடம் கேட்க வேண்டியவையும் அம்மூன்றைப் பற்றியனவே: கலக்காமல் காக்கும் பொறுப்பு, கடன் பெறத்தக்க ரசீது, எல்லையூர்ச் சிறு வணிகருக்கு அண்டை மாநிலத்திலும் செல்லுபடியாகும் சலுகை.

வணிகச் சொற்கள், எல்லையோரச் சந்தைகள், கிடங்குச் சட்டங்கள் ஆகியவற்றில் ஆய்வு செய்வோர் இதனை மேலும் விரித்தெழுதலாம். கொள்ளேகால், ஹனூர் பகுதிகளில் பொதிமாட்டு வணிகம் குறித்த வாய்மொழிச் செய்திகளோ, மண்டிக் கணக்கேடுகளில் வழங்கிய பழைய குறியீடுகளோ அறிந்தவர்கள் பின்னூட்டத்தில் பகிர்ந்தால் நன்றியுடையேன்.